காரபைனர்: தமிழில் எப்படிச் சொல்வது?

காரபைனர் என்பது மரமேறுகிறவரின் இடுப்புவாரையும் கயிற்றையும் இணைக்கும், திறந்து மூடும் உலோக வளையம். இராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடி, உச்சிப்புளிப் பக்கம் மரமேறுகிறவர்களிடம் ‘காரபைனர்’ என்று கேட்டால் புரியாது. ‘கொக்கி’ என்று கேட்டால் உடனே ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது படகுச் சாமான் கடையில் வாங்கிய பளபளப்பான வளையமாக இருக்கும், மாட்டுக்கயிற்றில் கிடந்த கொக்கியாக இருக்கும், அல்லது இடுப்புவாரோடு வந்த பூட்டுள்ள வளையமாக இருக்கும். மூன்றுக்கும் பெயர் கொக்கிதான். உயிரைத் தாங்கும் பொருளும் தூக்குவாளியைத் தாங்கும் பொருளும் ஒரே பெயரில் புழங்குவது ஆபத்து என்று நினைப்பதால்தான் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

காரபைனர் ஜெர்மன் மொழியிலிருந்து வந்த சொல். ‘கராபினர்ஹாக்கன்’ என்பதுதான் முழு வடிவம். ‘ஹாக்கன்’ என்றால் கொக்கி. முன்பாதி ‘கராபினர்’, நம் காவலர்கள் ‘கார்பைன்’ என்று சொல்லும் குட்டைத் துப்பாக்கியோடு உறவுள்ளது. குதிரைப்படை வீரன் ஓடும் குதிரையில் துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க முடியாது. தோளின் குறுக்கே போட்ட வாரில் ஒரு கொக்கியை வைத்து, துப்பாக்கியை அதில் மாட்டித் தொங்கவிட்டான். ‘துப்பாக்கிக்காரனின் கொக்கி’ என்ற அந்தப் பெயரில் பிற்பாடு ‘கொக்கி’ உதிர்ந்துபோய், துப்பாக்கிக்காரன் மட்டும் மிஞ்சினான். மியூனிக் நகரத் தீயணைப்பு வீரர்களின் இடுப்பில் இருந்த பேரிக்காய் வடிவக் கொக்கியைப் பார்த்துத்தான், 1910 வாக்கில் ஓட்டோ ஹெர்சோக் என்ற மலையேறி அதைப் பாறைக்குக் கொண்டுபோனார் என்பார்கள். அங்கிருந்து அது மரத்துக்கு வந்து சேர்ந்தது.

இதே வேலைக்குப் புழங்கும் இன்னொரு கொக்கியின் பெயரான ‘ஸ்னாப்’ வேறு வழியில் வந்தது. சட்டென்று கவ்வுவதைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லே அதன் மூலம். நாய் லபக்கென்று கவ்வுகிற அதே கவ்வல். கயிற்றின் நுனியில் நிரந்தரமாகக் கட்டியிருக்கும் கொக்கி, வளையத்தில் அழுத்தியதும் ‘டக்’கென்று கவ்விக்கொள்வதால் அந்தப் பெயர்.

இப்போது நம் சொற்களுக்கு வருவோம். கொக்கி என்பதில் உள்ள அடிப்படைக் கருத்து வளைவு. வளைந்திருந்தால் போதும், அது கொக்கி. வாய் மூட வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. சட்டை கொக்கியும் தொட்டில் கொக்கியும் திறந்த வாயோடுதான் இருக்கின்றன. ‘கொளுவி’ இன்னொரு சொல். கொள் என்பதன் வழியே வந்த கொளுவு, அதாவது மாட்டு. இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில், யாழ்ப்பாணத்துப் பேச்சில், இன்றைக்கும் கதவைக் கொளுவுகிறார்கள், சட்டையை ஆணியில் கொளுவுகிறார்கள். நம் கரையில் அது தேய்ந்துவிட்டது. ‘கனெக்டர்’ என்று பாதுகாப்புச் சாதன அட்டைகளில் போட்டிருக்கும் பொதுப்பெயருக்கு ‘இணைப்பி’ என்று எழுதுகிறார்கள். மின்கம்பிக்கும் கணினிக்கும் அதையே எழுதுகிறோம். மரமேறும் சாதனத்துக்குக் கொளுவி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பனையேறிகள் கால்களைச் சேர்த்துப் போடும் நாருக்குத் தளைநார் என்று பெயர். யாப்பில் ஒரு சீரை அடுத்த சீரோடு கட்டுவதும் தளைதான். இணைப்பதைக் குறிக்க நம் பனங்காட்டுக்குச் சொற்பஞ்சம் இருந்ததே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பூட்டைப் பற்றி. பூட்டு என்றதும் இன்று சாவிதான் நினைவுக்கு வருகிறது. பழைய பொருள் அதைவிட அகலம். ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம், எலும்புகள் சேரும் இடத்தைத் தோள்பூட்டு என்கிறோம். சேர்ப்பதும் சேர்த்தது கழலாமல் காப்பதும் இந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. மரமேறுகிறவனுக்கு வேண்டிய இரண்டும் அவைதான். ஆகவே என் பரிந்துரை இது: கயிற்று நுனியில் நிற்கும் ஸ்னாப்புக்குப் ‘பூட்டுக்கொக்கி’, தனியாகக் கழற்றி மாட்டும் காரபைனருக்குப் ‘பூட்டுவளையம்’, இரண்டுக்கும் பொதுவாகக் ‘கொளுவி’.

பெயரில் பூட்டு இருந்தே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க ஒரு காரணம் உண்டு. உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் அத்தை மகன் மட்டை கழிக்கப் போனான். இடுப்புவார் நல்லது. கொக்கி மட்டும் படகுச் சாமான் கடை ஒன்றில் வாங்கியது, விரலால் அமுக்கினால் திறக்கும் ஒற்றை நாக்குக் கொக்கி. நல்லவேளை, ஆள் உயரம் ஏறியதும் நின்று, கயிறு தாங்குகிறதா என்று பின்னால் சாய்ந்து பார்த்தான். அடுத்த நொடி மணலில் கிடந்தான். மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று. கொக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளையவில்லை, கீறல்கூட இல்லை, நாக்கு சரியாக மூடித் திறந்தது. “மச்சான், கொக்கி நல்லாத்தானே இருக்கு, பிறகு எப்படி விழுந்தேன்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அந்தக் கொக்கியையும் இடுப்பு வளையத்தையும் அன்று மாலை மேசையில் வைத்து, மெதுவாக முறுக்கிப் பார்த்தோம். கயிறு தளர்ந்து முறுக்கும்போது, இடுப்பு வளையம் கொக்கியின் முதுகிலிருந்து புரண்டு நாக்கின்மேல் ஏறுகிறது. அப்போது எடை விழுந்தால் வளையமே நாக்கை உள்ளே தள்ளி, வழி செய்துகொண்டு வெளியே வந்துவிடுகிறது. எதுவும் உடைய வேண்டியதில்லை. இதைப் ‘புரண்டு கழலுதல்’ என்று சொல்லலாம். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் விழுந்தால் தாங்கும் சாதனங்களில் பூட்டில்லாத கொக்கியை 1998 ஜனவரி 1 முதல் தடுத்ததற்கு இந்தக் கழலல்தான் காரணம். வலிமை எவ்வளவு இருந்தாலும், நாக்கு தானாகத் திறக்குமென்றால் பயனில்லை.

நாக்கு என்று நான் சொல்வது உள்பக்கம் மடங்கித் திறக்கும் பகுதியை. கதவு என்றும் சொல்லலாம்தான், ஆனால் நம் வீட்டு நாதாங்கியிலேயே நா இருக்கிறது. தாழ்ப்பாளின் நாவைத் தாங்குவதால்தான் அது நாதாங்கி.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, நாக்கைப் பூட்டும் விதம். கம்மலின் திருகாணிபோல் கையால் திருகி இறுக்கும் வகை ஒன்று. பாறையேற்றத்தில் அது பரவலாகப் புழங்குகிறது. மரத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கயிறு உரசி உரசித் திருகு தளர்வதும் உண்டு, திருக மறப்பதும் உண்டு. விட்டதும் தானே மூடி, தானே பூட்டிக்கொள்ளும் வகைதான் வேண்டும். அமெரிக்க மரவேலைப் பாதுகாப்புத் தரமான ஆன்சி இசட்133 இன்னும் கறாராகச் சொல்கிறது: நாக்கைத் திறக்கத் தயாராக்கவே அடுத்தடுத்து இரண்டு செயல்களை வேண்டுமென்றே செய்தாக வேண்டும். உறையை மேலே தள்ளு, பிறகு திருகு, அதன்பின்தான் அமுக்க முடியும். பூட்டுக்கொக்கியில் இதே வேலையை முதுகில் உள்ள நெம்பி செய்கிறது. நெம்பியை அமுக்காமல் நாக்கு அசையாது.

அடுத்தது முதுகில் பொறித்த எண்கள். கிலோநியூட்டன் கணக்கில், சின்ன அம்புக்குறிகளோடு இருக்கும். ஒரு கிலோநியூட்டன் ஏறத்தாழ 102 கிலோ எடை. மேற்சொன்ன தரம் நெடுக்குவாட்டில் கேட்பது 22 கிலோநியூட்டனுக்குச் சற்று மேல், அதாவது இரண்டேகால் டன். பக்கத்திலேயே குறுக்குவாட்டுக்கான எண் 7 என்பதுபோல் சின்னதாக இருக்கும். வளையம் குறுக்கே திரும்பிய நிலையில் எடை விழுந்தால் வலிமை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது. பூட்டுக்கொக்கியின் கண் கயிற்றோடு பிணைந்திருப்பதால் அது இப்படிக் குறுக்கே திரும்புவது குறைவு. மரத்தைச் சுற்றி இடுப்பில் மாட்டும் கயிற்றுக்கு நான் அதையே தேர்வேன். எண்ணும் இல்லாமல், ஐரோப்பியத் தரமான ஈஎன் 362, நம் இந்தியத் தரமான ஐஎஸ் 3521 போன்ற குறியும் இல்லாமல் இருந்தால் அது சாவிக்கொத்துக்கு மாட்டுவது. விலையைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

உலோகத்தைப் பொறுத்தவரை, அலுமினியம் இலேசு, எஃகு கனம். உள்நாட்டில் இது விருப்பத்தைப் பொறுத்தது. மூக்கையூர் முதல் மண்டபம் வரை உள்ள உப்புக்காற்றில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அலுமினிய வளையமும் எஃகு வளையமும் ஒன்றையொன்று தொட்டபடி உப்பு ஈரத்தில் கிடந்தால் அலுமினியம் அரித்துவிடும். வெள்ளைப் பொடிபோல் பூத்து, நாக்கின் ஆணி இறுகும். பனைக் கருக்கிலும் பட்டையிலும் உரசும் இடத்தில் எஃகுதான் தாங்குகிறது. அதனால் இடுப்புக் கயிற்றுக்கு எஃகையே வைத்திருக்கிறேன், கனத்தைப் பொறுத்துக்கொண்டு.

உப்பை எடுக்க நல்ல தண்ணி வேண்டும். குடிக்கிற தண்ணிக்கு ‘நல்ல தண்ணி’ என்று தனிப்பெயர் வைத்து, மன்னார் வளைகுடாவில் ஒரு தீவுக்கும் நல்லதண்ணித்தீவு என்று பெயரிட்ட ஊர்க்காரர்கள் நாம். அதை இரும்பு கழுவச் செலவழிக்க மனம் வராதுதான். ஆனாலும் ஒரு செம்புத் தண்ணியில் நாக்கைப் பத்துமுறை திறந்து மூடினால், இடுக்கில் உள்ள மணலும் உப்பும் வந்துவிடும். பிறகு நிழலில் உலர்த்தி, பிசுபிசுக்காத உயவுப்பொருளை ஒரு சொட்டு விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மணலைப் பிடித்துவைக்கும். கழுவி உலர்த்திய பிறகும் நாக்கு பாதியில் நின்றால், விரலால் தள்ளி மூடிக்கொண்டு ஏறக்கூடாது. அந்த வளையத்தை அறுத்துப் போட்டுவிட வேண்டும், சும்மா தூக்கி எறிந்தால் வேறு யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

அத்தை மகன் இப்போது பூட்டுக்கொக்கியோடுதான் ஏறுகிறான். கீழே நிற்கும் அவன் அப்பாவுக்கு இந்தப் புதுப்பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை. ஆனால் முன்பு “கொக்கிய மாட்டிட்டியாடா?” என்று கேட்டவர், இப்போது “பூட்டு விழுந்துச்சா?” என்று கேட்கிறார்.