சொல் விளக்கம்: மலச்சிக்கல்

'சிக்கு' என்றால் மாட்டிக்கொள், பின்னிக்கொள். அந்த வினையிலிருந்து பிறந்தது சிக்கல். 'மலம்' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் அழுக்கு. மருத்துவ நூல்களில் வரும் 'மலபந்தம்' முழுக்க வடமொழி. பந்தம் என்றால் கட்டு. 'மலக்கட்டு' என்றும் சொல்வதுண்டு. ஆங்கிலத்தின் 'கான்ஸ்டிபேஷன்' என்பதற்கு மூலம், நெருக்கித் திணிப்பதைக் குறிக்கும் இலத்தீன் வினை.

இவற்றுள் மலச்சிக்கலே பொருத்தமானது: போகாமல் நிற்பதை மட்டுமல்ல, சிரமப்பட்டுப் போவதையும் அது குறிக்கும். தினமும் போகாததெல்லாம் நோயல்ல. வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போவது ஓர் அறிகுறி மட்டுமே. தினமும் போகிறவருக்கும் முக்கல், இறுகிய மலம், முழுதாகப் போகாத உணர்வு இருந்தால் அது மலச்சிக்கல்தான். இவை மூன்று மாதம் நீடித்தால் 'நாட்பட்ட மலச்சிக்கல்' என்க. 'தீராத' என்று எழுதுவது தவறு. பழக்கங்களை மாற்றினாலே பலருக்குக் கட்டுப்படும்.

முதுமையில் மலச்சிக்கல் கூடக் காரணங்கள் உண்டு: தாக உணர்வு மங்குகிறது, நடமாட்டம் குறைகிறது. மருந்துகளும் சேர்ந்துகொள்கின்றன: இரும்புச்சத்து மாத்திரை, ஓபியாய்டு எனும் அபின் வகை வலிநிவாரணிகள், வெராபமில் போன்ற ரத்த அழுத்த மருந்துகள். எனவே முதலில் மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள். தானாக எதையும் நிறுத்த வேண்டாம்.

உணவு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் அசைகிறது. இது காலையில் வலுவாக இருக்கும். ஆகவே காலை உணவு முடிந்த அரை மணிக்குள், உந்துதல் வந்தாலும் வராவிட்டாலும், ஐந்து பத்து நிமிடம் முதியவரைக் கழிப்பறையில் உட்காரச் சொல்லுங்கள். மேற்கத்தியக் கழிப்பறையானால் காலடியில் ஒரு தாழ்ந்த பலகை வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, உடல் சற்று முன்சாய்ந்தால், மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகும். இதைப் பலர் அற்பமாக நினைக்கிறார்கள். முக்கலைக் குறைக்க இவ்வளவு எளிய வழி வேறில்லை. மூச்சடக்கி முக்கினால் முதியவர் மயங்கி விழவும் கூடும்.

நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 30 கிராம் வரை தேவை. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். வாரத்துக்கு 5 கிராம் என்று ஏற்றுங்கள். தண்ணீரும் கூடவே ஏற வேண்டும், இல்லையேல் நாரே இறுகி அடைக்கும். இதயம் அல்லது சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நீரின் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். படுக்கையிலேயே இருப்பவருக்கு நாரைக் கூட்டுவது கெடுதலாகலாம்.

'மல அடைப்பு' வேறு. இறுகிய மலக்கட்டி மலக்குடலை அடைத்துக்கொள்ள, அதன் ஓரமாக நீர்மலம் கசியும். வீட்டார் வயிற்றுப்போக்கு என்றெண்ணிப் போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். 'குடல் அடைப்பு' அதனினும் வேறு: வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமற்ற எடை இழப்பு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம் ஆகியவற்றுக்கும் மலமிளக்கியை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.