புடமிடுதல்: சொல்லும் பொருளும்

‘கர்த்தர் என்னைப் புடமிட்டார்’ என்று சபைகளில் சாட்சி சொல்வோர் உண்டு. கேட்பவர்கள் அதைச் ‘சோதித்தார்’ என்பதன் அழுத்தமான வடிவமாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு சொற்களும் ஒன்றல்ல.

‘புட’ என்னும் வடசொல் மடிப்பையும் குழிவான கலத்தையும் குறிப்பது. தமிழில் அது, மூடிய கலத்தில் ஒரு பொருளை வைத்துச் சுடும் செயலுக்கும் பெயராயிற்று. சித்த மருத்துவர் அரைத்து வில்லையாக்கிய சரக்கை அகலில் வைத்து, இன்னோர் அகலால் மூடி, பொருத்துவாயைச் சீலைமண்ணால் (மண் தோய்த்த துணியால்) அடைத்து உலர்த்தி, வறட்டிகளை அடுக்கித் தீயிடுவார். காடைப்புடம், கோழிப்புடம், கஜபுடம் எனப் பெயர் மாறும்போது தீயின் அளவும் மாறும். எந்தச் சரக்குக்கு எந்தப் புடம், எத்தனை முறை என்பதெல்லாம் முன்னரே வரையறுக்கப்பட்டவை. தீ அணைந்த உடனே கலத்தைத் திறப்பதில்லை; அது தானாக ஆறிய பின்னரே திறப்பார்கள். மருத்துவரின் புடத்தில் சரக்கு பற்பமாகவோ (வெண்ணிற மருந்துத்தூள்) செந்தூரமாகவோ (செந்நிற மருந்துத்தூள்) மாறிவிடுகிறது. பொற்கொல்லரின் புடத்திலோ பொன் பொன்னாகவே நிற்க, கலப்பு மட்டும் நீங்குகிறது. விவிலிய வழக்கு இந்த இரண்டாவதைச் சார்ந்தது.

1871இல் முழுமையாக வெளிவந்த பவர் திருப்புதலின் (ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்ட மொழிபெயர்ப்பின்) வழிவந்த தமிழ் வேதாகமத்தில், சகோதரரால் விற்கப்பட்டு எகிப்தில் சிறைப்பட்ட யோசேப்பைப் பற்றிச் சங்கீதம் 105:19 இவ்வாறு கூறுகிறது: ‘கர்த்தர் சொன்ன வார்த்தை நிறைவேறுமளவும் அவருடைய வசனம் அவனைப் புடமிட்டது.’ எபிரெயத்தில் இங்குள்ள வினை ‘ஸாரஃப்’. உலோகத்தை உருக்கித் தூய்மையாக்குவது அதன் பொருள். இவ்வசனத்தின் எழுவாயைக் கவனிக்க வேண்டும். முந்தைய வசனத்தில் யோசேப்பை ஒடுக்குவன விலங்கும் இரும்பும். இங்கே புடமிடுவது ‘வசனம்’, அதாவது கர்த்தருடைய வாக்கு. தான் உயர்த்தப்படுவான் என்று பதினேழாம் வயதில் கனவில் பெற்ற வாக்கு ஒருபுறமும் அதற்கு நேர்மாறான சிறை மறுபுறமும் இருக்க, நிறைவேறாத அந்த வாக்கே அவனுக்குத் தீயாயிற்று. எகிப்திய மன்னன் பார்வோன் முன் நின்றபோது அவனுக்கு வயது முப்பது. ‘நிறைவேறுமளவும்’ என்ற ஒரு சொல்லுக்குள் 13 ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. தேவனுடைய வேளைக்குக் காத்திருப்பதையும் பாடுகளில் விசுவாசம் வளர்வதையும் தனித்தனிப் பாடங்களாகப் போதிப்பது வழக்கம். இந்த வசனமோ இரண்டையும் ஒரே வினைக்குள் வைக்கிறது.

‘சோதனை’யும் வடசொல்லே. ‘சோதன’ என்பதற்கு மூலத்தில் தூய்மையாக்குதல் என்பதே பொருள். தமிழில் அப்பொருள் மங்கி, ஆராய்ந்து பார்த்தல் என்பது நிலைத்துவிட்டது. உரைகல்லில் உரைத்தால் பொன்னின் மாற்று (தூய்மையின் அளவு) தெரியுமேயன்றி அது உயராது, புடத்தில் உயரும். ‘அவர் என்னைச் சோதித்தபின் நான் பொன்னாக விளங்குவேன்’ என்று யோபு 23:10இல் வரும் ‘சோதித்தபின்’ என்ற சொல்லுக்குள் அந்தப் பழைய பொருளையும் கேட்க முடிகிறது.

இங்கே இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். ஏசாயா 48:10இல் வரும் ‘உபத்திரவத்தின் குகை’ மலைக்குகை அன்று. உலோகம் உருக்கும் மண்கலத்துக்கும் தமிழில் குகை என்று பெயர். சங்கீதம் 12:6 ‘மண்குகை’ என்றே கூறுகிறது. இருண்ட குகையில் தனித்திருப்பதாகக் கற்பனை செய்து விளக்குவோர் சொல்லைத் தவறவிடுகிறார்கள்.

புடமிடுதலுக்கு நேரான தமிழ்ச்சொல் வேண்டுமெனில் ‘சுடுதல்’ இருக்கிறது. ‘சுடச்சுடரும் பொன்போல் ஒளிவிடும் துன்பஞ் சுடச்சுட நோற்கிற் பவர்க்கு’ என்பது குறள் 267. அது தவத்தைப் பற்றியது. நோற்பவர் தாமே ஏற்ற துன்பம். யோசேப்பின் துன்பம் பிறர் சுமத்தியது. அந்த வேறுபாடு இருந்தும், பொன் சுடப்படுவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. ஆயினும் இன்றைய பேச்சில் ‘சுட்டார்’ என்றால் தீக்காயமோ துப்பாக்கியோதான் நினைவுக்கு வரும் என்பதால், ‘தீயிலிட்டு மாசகற்றுதல்’ என விரித்து எழுதுவது நல்லது. வழிபாட்டு மொழியில் ‘புடமிடுதல்’ இருந்துவிட்டுப் போகட்டும். குறளின் ‘சுடச்சுட’ என்னும் அடுக்கு மட்டும் எந்த மாற்றுச்சொல்லிலும் வருவதில்லை. சிறையில் உடனிருந்த, பார்வோனின் பானபாத்திரக்காரன் விடுதலையாகித் தன்னை மறந்த பின்னும் யோசேப்பு மேலும் இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தான். அந்த அடுக்கு அதற்குத்தான் பொருந்துகிறது.