கடன் அடைந்துவிட்டது, பத்திரம் எங்கே? அடமான வீடு வாங்குவோரும் விற்போரும் கேட்பவை

மதுரையில் ஆனையூரோ வில்லாபுரமோ ஒத்தக்கடையோ, எங்கே வீடு பார்க்கப் போனாலும் புரோக்கர் எல்லாப் பெருமையும் பேசி முடித்துவிட்டுக் கடைசியில்தான் சொல்வார்: "பத்திரம் பேங்குல இருக்கு, அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்." சும்மா இல்லை. அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்கவும் வாங்கவும் சட்டத்தில் தடை கிடையாது. ஆனால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி வீடு கைமாறினாலும் அடமானம் வீட்டின் மேலேயே நிற்கும். விற்றவர் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டால், மிச்சக் கடனுக்கு வங்கி வந்து நிற்பது உங்கள் வாசலில். சட்டப் பின்னணி இவ்வளவு போதும்.

பெரும்பாலும் கோளாறு தொடங்குவது அட்வான்ஸில். "எட்டு லட்சம் கொடுங்க, கடனை அடைச்சுப் பத்திரத்தை எடுத்து வந்து கிரயம் முடிச்சுத் தர்றேன்" என்பார் விற்பவர். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கையில் காசு வந்த அன்றைக்கே கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்பார், மகள் கல்யாணச் செலவு நிற்கும், எட்டில் மூன்று லட்சம்தான் வங்கிக்குப் போய்ச் சேரும். இப்படி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்தாயிற்று. ஆகவே வங்கிக்குச் சேர வேண்டிய பணத்தை அவர் கையிலும் கொடுக்காதீர்கள், அவருடைய சேமிப்புக் கணக்கிலும் போடாதீர்கள். அவரை வங்கிக்குக் கூட்டிப் போய், கடனை முடிக்க இன்றைக்கு எவ்வளவு, தினமும் எவ்வளவு வட்டி ஏறும், இந்தக் கணக்கு எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஃபோர்குளோஷர் லெட்டர் என்பார்கள். அதில் உள்ள கடன் கணக்கு எண்ணுக்கே பணம் போக வேண்டும். கூடவே, வங்கி வசம் என்னென்ன அசல் பத்திரங்கள் இருக்கின்றன என்ற பட்டியலையும் வாங்குங்கள். தாய்ப் பத்திரம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அது எங்கே என்று அப்போதே கேட்டுவிட வேண்டும்.

இன்னொன்றையும் அதே மேசையில் கேளுங்கள்: இதே பத்திரத்தின் மேல் டாப்-அப் கடன், அதாவது பழைய கடனுக்கு மேல் கூடுதலாக வாங்கிய கடன் உண்டா, இவர் வேறு யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? வீட்டுக் கடன் பைசா பாக்கியில்லாமல் முடிந்த பிறகு, "உங்க மச்சான் கடன் நிலுவையில இருக்கு" என்று பத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கிளைகள் உண்டு. முன்கூட்டியே கடன் அடைத்தால் அபராதம் என்றும் சிலர் பயம் காட்டுவார்கள். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு அந்த அபராதம் கிடையாது.

அட்வான்ஸ் ஒப்பந்தத்தை இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்யப் போனால் "அசல் எங்கே?" என்று திருப்பி அனுப்புவார்கள், வங்கிக்குப் போனால் "முதலில் கடனைக் கட்டுங்கள்" என்பார்கள். இந்த இழுபறி நடக்கும் என்று தெரிந்தே போங்கள். வங்கியின் ஆட்சேபனையில்லாக் கடிதத்தையும் பத்திரப் பட்டியலையும் முதலில் வாங்கி, பதிவுக்கு டோக்கன் போடும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள். விற்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில், அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவானவற்றின் பட்டியலில் ஏறும். வாங்குபவர் பாதியில் காணாமல் போனால், அவர் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்வரை வேறு ஆளுக்கு விற்பது பெரும்பாடு. எனவே கெடு தேதியை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். அட்வான்ஸில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கை நீட்டி வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம், அது விழுவது ரொக்கம் வாங்கிய உங்கள் தலையில்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பார்ப்பதில்தான் பிசகு. சர்வே எண்ணின் உட்பிரிவை மாற்றிப் போட்டால் "பதிவு ஏதும் இல்லை" என்று வரும், அதைக் காட்டி "வில்லங்கமே இல்லை" என்பார்கள். பட்டாவில் உள்ள எண், பத்திரத்தில் உள்ள எண், பழைய எண் மூன்றையும் போட்டுப் பாருங்கள். பதிவாகாத அடமானம் இதில் வராது. வங்கிகள் தங்கள் அடமானங்களை செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் ஏற்றுகின்றன. சிறு கட்டணத்தில் அதிலும் தேடலாம். தனியார் வட்டிக்காரரிடம் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கடன் எதிலும் வராது. "அசல் தொலைஞ்சு போச்சு, நகல் எடுத்து வச்சிருக்கேன்" என்று விற்பவர் சொன்னால், காவல்துறைச் சான்றும் செய்தித்தாள் விளம்பரமும் இருந்தாலும் நான் அந்த வீட்டை விட்டுவிடச் சொல்வேன்.

மதுரைப் பக்கம் எந்தச் சான்றிலும் வராத இன்னொன்று உண்டு: ஒத்தி. நாலு லட்சம், ஐந்து லட்சம் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பார்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்; நடப்பில் முத்திரைத்தாளோடு சரி. ஆனாலும் குடியிருப்பவரின் உரிமை என்ன என்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்கும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் "வாடகைக்குத்தான் இருக்காங்க" என்பார். குடியிருக்கும் அக்காவிடம் நேரில் கேளுங்கள். ஒத்திப் பணத்தை விலையில் கழித்து, அவர் கையிலேயே கொடுத்து, சாவி வாங்கிய பிறகு கிரயம். ஒத்திக்குப் போகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும்: வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால், ஏலம் வரும்போது வங்கிதான் முதலில். உங்கள் பணம் அதற்குப் பின்னால்தான் நிற்கும்.

தவணை தவறிய வீடு என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 90 நாளுக்கு மேல் நிலுவை இருந்தால் அது வாராக் கடன். பிறகு, அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அந்த நோட்டீஸ் வந்தபின் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவும் கூடாது, வாடகைக்கு விடவும் கூடாது. விற்பவர் அந்த நோட்டீஸை மேசை டிராயரில் போட்டுப் பூட்டியிருப்பார். கடன் கணக்கின் ஓராண்டு ஸ்டேட்மெண்ட் கேளுங்கள். காட்டத் தயங்கினால் காரணம் இருக்கிறது.

"கடன் என் பெயரிலேயே இருக்கட்டும், தவணையை நீங்க கட்டுங்க, முடிஞ்சதும் எழுதித் தர்றேன்" என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். வாங்குபவருக்கு வீட்டில் உரிமை வராது. அவர் ஒரு தவணை தவறினால் கெடுவது விற்றவரின் சிபில் மதிப்பெண். நடுவில் ஒருவர் இறந்தால் வாரிசுகளோடு முதலிலிருந்து பேச வேண்டும். புரோக்கர் பெயருக்குப் பவர் பத்திரம் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுப்பதும் இதே ரகம்தான்.

சரி, கடனைக் கட்டியாயிற்று. அலைச்சல் இனிமேல்தான். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் போட்ட உத்தரவு தெளிவானது: கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், பதிவேடுகளில் உள்ள அடமானத்தையும் நீக்க வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடப்பில் உள்ளது. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கும் பொருந்தும். பத்திரம் தொலைந்திருந்தால் நகல் எடுத்துத் தரும் வேலையும் அவர்களுடையது. அதற்கு இன்னொரு 30 நாள் உண்டு.

கவுண்டரில் கேட்டால் "பத்திரம் ஹெட் ஆபீஸ்ல இருக்கு சார், வரும்" என்பார்கள். எப்போது என்று சொல்ல மாட்டார்கள். இதில் மூன்று பொறிகள். கணக்கில் சில்லறை வட்டி பாக்கி இருந்தால் கடன் முடிந்ததாகவே கொள்ள மாட்டார்கள், 30 நாள் எண்ணிக்கையும் தொடங்காது. எனவே கணக்கு மூடிய தேதியோடு கடிதம் வாங்குங்கள். கடனில் மனைவியோ அண்ணனோ கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தால் அவர்களையும் வரச் சொல்வார்கள். அண்ணன் துபாயில் இருப்பது கடைசி நாளில் தெரியவரும். மூன்றாவது, இழப்பீடு கடன் வாங்கியவருக்குத்தான். பணம் கட்டியது நீங்களே ஆனாலும் வங்கி உங்களிடம் பேசாது. விற்பவரிடமிருந்து அதிகாரக் கடிதத்தை முன்பே வாங்கி வைத்திருங்கள்.

பத்திரம் கைக்கு வந்ததும் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். எம்ஓடி, அதாவது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியதற்கான ஆவணம் பதிவாகியிருந்தால் அதை ரத்து செய்யும் ரசீதுப் பத்திரமும் பதிவாக வேண்டும். அதற்கு வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டும். "ஆடிட் நடக்குது, அடுத்த வாரம்" என்பார்கள். அவர் வரும் நாளிலேயே கிரயத்தையும் வைத்துக்கொள்வது நல்லது. கிரயத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று செலவழித்துவிட்டு, பழைய எம்ஓடி அப்படியே நிற்பதைப் பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. பதிவு நாள் காலையில் வில்லங்கத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

30 நாள் தாண்டினால் விற்பவர் கையெழுத்தில் வங்கிக்கு எழுத்துப்பூர்வப் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது. அடுத்த 30 நாளில் பதில் இல்லை என்றாலோ மழுப்பல் பதில் வந்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்தில் செலவில்லை, சந்தேகத்துக்கு 14448 என்ற எண்ணுக்குப் பேசலாம். வக்கீல் வேண்டுமென்றால் பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமானம் பாராமல் மதுரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். புகாரின் முதல் வரியிலேயே கடன் மூடிய தேதியையும், 30-வது நாள் எந்தத் தேதியில் முடிந்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.