பழைய கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

குன்னூரில் கோட்டு தைப்பதையும் பழைய கோட்டுகளைப் பிரித்துச் சீர்செய்வதையும் தொழிலாகக் கொண்டவன் நான். முன்பெல்லாம் பழைய கோட்டோடு கடைக்கு வருபவர் பெரும்பாலும் ஹட்டி எனப்படும் படுகர் ஊரிலிருந்து வரும் பெரியவராக இருப்பார். வேட்டிக்கு மேல் கோட்டு அணிவது இந்த மலையின் வழக்கம் என்பதால், தந்தை அணிந்ததை மகனின் உடம்புக்கு ஏற்பப் பிடித்துத் தரச் சொல்வார். இப்போது கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் இளைஞர்கள், உதகையின் நடைபாதைக் குவியலிலோ, தேவாலய வளாகத்தில் பழைய பொருள்களை விற்கும் ஜம்பிள் சேலிலோ, காலிசெய்யப்படும் பங்களாவின் சாமான் விற்பனையிலோ கண்டெடுத்த ட்வீட் என்னும் முரட்டுக் கம்பளிக் கோட்டையும் பிளேசரையும் கொண்டுவருகிறார்கள். கண்டெடுத்த மகிழ்ச்சி முகத்தில் தெரியும். கோட்டைத் திருப்பிப் போட்டதும் அதில் பாதி போய்விடும். வெளிப்பக்கம் பார்ப்பவரைக் கவர்வதற்காகத் தைக்கப்படுவது. துணியின் வயது, தையலின் தரம், அது தங்கியிருந்த அலமாரியின் ஈரம் ஆகிய எல்லாவற்றையும் உள்பக்கமே சொல்லும். பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால், வாங்கிய பின் என்னைப் போன்றவர்களிடம் வருந்த வேண்டியிராது.

இந்த மலையில் நல்ல பழைய ஆண்கள் ஆடைகள் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1858-இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், நாட்டுப் பிரிவினைக்குப் பின் அங்கே அமைந்த பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி, தேயிலைத் தோட்டத் துரைமார்களின் பங்களாக்கள், கோட்டும் டையும் இல்லாமல் உள்ளே நுழைய முடியாத கிளப்புகள் என்று, கம்பளி கோட்டை அன்றாட உடையாக வைத்திருந்த உலகம் ஒன்று இங்கே நெடுங்காலம் இருந்தது. அவர்களின் கோட்டுகள் எல்லாம் இங்கிலாந்தில் தைக்கப்பட்டவை என்று எண்ண வேண்டாம். கான்பூர் லால் இம்லி, பஞ்சாபின் தாரிவால், பின்னி போன்ற இந்திய ஆலைகளின் துணியை எடுத்து, சென்னையிலோ பெங்களூரிலோ இங்கேயே ஊட்டியிலோ இருந்த தையற்காரரிடம் கொடுத்துத் தைத்தவையும் ஏராளம். அவற்றில் பெயர் பொறித்த லேபிள் இருக்காது. ஆனால் வேலைப்பாட்டில் பல வெளிநாட்டுக் கோட்டுகளை மிஞ்சும். லேபிள் இல்லை என்பதற்காக இவற்றைக் குவியலிலேயே விட்டுவிட்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

குவியல்களில் இருப்பவை அனைத்தும் மலையின் பழைய அலமாரிகளிலிருந்து வந்தவை என்றும் நம்ப வேண்டாம். வெளிநாட்டில் உடுத்திய ஆடைகளை விற்பனைக்காக இறக்குமதி செய்ய இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு. இருந்தும் கந்தலாக வரும் கம்பளித் துணிகளைக் கிழித்து மீண்டும் நூலாக்கும் பெருந்தொழில் ஹரியானாவின் பானிபட்டில் நடக்கிறது; நாடெங்கும் பேல் எனப்படும் பெரும் பொதிகளாகக் கைமாறும் பழைய ஆடைச் சந்தையும் இயங்குகிறது. பேலில் வந்த கோட்டுக்கு எந்த வரலாறும் இருக்காது. "ஒரு துரையின் பங்களாவில் எடுத்தது" என்று விற்பவர் சொன்னால் புன்னகைத்துவிட்டு விலையை மட்டும் பேசுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கோட்டின் முன்பக்கத்தில் துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் இருப்பதை. பழைய முறையில் தைத்த கோட்டில் குதிரை மயிர் கலந்த கான்வாஸ் ஒன்று மார்புப் பகுதியில் கையால் இழையோட்டிப் பொருத்தப்பட்டிருக்கும்; உடம்பின் வளைவுக்கு ஏற்ப அது படிந்துகொடுக்கும். 1960-களுக்குப் பின் ஆயத்த ஆடைத் தொழிலில் ஃபியூசிங் பரவியது. அதாவது பசை தடவிய துணியைச் சூட்டில் ஒட்டிவிடும் முறை. கண்டறிவது எளிது. கீழ் பட்டனுக்கும் அதற்கு மேலுள்ள பட்டனுக்கும் இடையில் வெளித்துணியை ஒரு கையாலும் உள்துணியை மறுகையாலும் பிடித்து மெல்ல இழுத்தால், நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியே நழுவுவது விரலுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் கான்வாஸ். வெளித்துணி விறைப்பாக, அட்டை போல ஒட்டிக்கொண்டு வந்தால் ஃபியூசிங். ஃபியூசிங் கோட்டு தள்ளுபடிக்குரியது அல்ல. ஆனால் பழையதில் பசை விட்டுப்போய், காலரைத் தொடர்ந்து மார்பில் மடிந்து விழும் லேப்பலிலும் மார்பிலும் கொப்புளம் கொப்புளமாக எழுந்திருந்தால், அதை எந்த இஸ்திரியும் நிரந்தரமாகப் படியவைக்காது. அந்தக் கோட்டை விலையில்லாமல் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

அடுத்துப் பாக்கெட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். பாக்கெட் துணி பெரும்பாலும் பருத்தி. ஈரத்தில் முதலில் மக்குவது அதுதான். இரு விரலால் பிடித்து லேசாக இழுத்தாலே காகிதம் போலக் கிழிந்தால், அந்தக் கோட்டு மழைக்காலங்களை மூடிய பெட்டிக்குள் கழித்திருக்கிறது என்று பொருள். தையல் நூலும் அதே நிலையில்தான் இருக்கும். அக்குளில் லைனிங் இற்றுப்போயிருந்தால் கவலை இல்லை, லைனிங் முழுவதையும் மாற்றிவிடலாம். ஆனால் அந்த வேலைக்கான கூலி, நடைபாதையில் நீங்கள் கொடுத்த விலையைப் போலப் பல மடங்கு ஆகும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். காஜாவைப் பாருங்கள்: கையால் போட்டதில் முடிச்சுகள் சற்றே ஒழுங்கற்று, உள்பக்கம் வெளிப்பக்கத்தை விட அழகு குறைந்திருக்கும்.

லேபிள்களை நான் கடைசியில்தான் பார்ப்பேன். எவரும் பிரித்து வேறொன்றில் தைத்துவிடக் கூடியவை அவை. ஆனாலும் அவை சில எல்லைகளைக் காட்டும். தூய கம்பளியைக் குறிக்கும் உல்மார்க் சின்னம் 1964-இல் அறிமுகமானது. எனவே அது தைக்கப்பட்ட கோட்டு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டனில் 1941 முதல் வழங்கிய சிக்கன ஆடைத் திட்டத்தின் 'சிசி41' முத்திரை இங்கே அரிதாகவே தென்படும், கண்டால் விடாதீர்கள். ஸ்காட்லாந்தின் வெளித்தீவுகளில் நெசவாளர்கள் தம் வீடுகளிலேயே நெய்யும் ஹாரிஸ் ட்வீடுக்கு உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை உண்டு. 1993-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் அந்தப் பெயரைப் பாதுகாக்கிறது. லண்டன் தையற்காரர்கள் உள் மார்புப் பாக்கெட்டுக்குள் வாடிக்கையாளரின் பெயரையும் தைத்த தேதியையும் எழுதிய லேபிளை வைப்பது வழக்கம் என்பதால், அங்கே விரலை விட்டுப் பார்ப்பதும் நல்லது. அப்படிப் பெயர் கிடைத்தால், அதைப் படமெடுத்து இணையத்தில் போடும் முன் அவர் குடும்பம் இன்னும் இதே மலையில் இருக்கலாம் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

கம்பளிக்கு முதல் எதிரி அந்துப்பூச்சி. பறக்கும் பூச்சி துணியைத் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுவே கம்பளியிலும் பட்டிலும் மயிரிலும் உள்ள புரதத்தைத் தின்கிறது. வெளிச்சமும் அசைவும் அதற்கு ஆகாது. வியர்வைக் கறையும் உணவுக் கறையும் அதற்கு விருந்து. ஆகவே காலரின் அடிப்பக்கம், பாக்கெட் மூடி, அக்குள், பேன்ட்டின் அடி மடிப்பு ஆகிய இடங்களில் தேடுங்கள். வெண்ணிற நூலாம்படைக் குழாயும், துணியின் நிறத்திலேயே மணல் போன்ற எச்சமும் தென்பட்டால் உள்ளே குடியிருப்பு நடந்திருக்கிறது. பிறகு கோட்டை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். ஊசிமுனை அளவுத் துளைகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். காலருக்கு அடியில் உள்ள துளையை, உள்மடிப்பிலிருந்து இழையெடுத்து, துளையைப் பின்னி அடைக்கும் டார்னிங் செய்து மறைத்துவிடலாம். முதுகின் நடுவில் உள்ளதை எவ்வளவு திறமையாகச் செய்தாலும் பகல் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும்.

துளை ஒன்றுமே இல்லாவிட்டாலும், பழைய கம்பளி எதையும் நேரே அலமாரியில் வைக்கக் கூடாது. பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரை குளிரும் டீப் ஃப்ரீசரில் ஒன்றிரண்டு வாரம் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் அழியும். மார்கழி, தை மாதங்களில் உதகையில் உறைபனி விழும்போது கோட்டை இரவில் வெளியே தொங்கவிட்டால் போதும் என்று இங்கே சிலர் சொல்வதுண்டு. உறைபனி இரவின் குளிர் சில மணி நேரமே நீடிக்கும். அந்தப் புழுவைக் கொல்ல அது போதாது, கோட்டுதான் நனையும்.

குடும்பத்தில் கைக்குழந்தை இருப்பவர்களுக்குக் குறிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்துருண்டையின் நாற்றம் வீசும் பழைய ஆடை பூச்சியின்றி இருக்கலாம்; ஆனால் அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலீனின் ஆவி மனிதருக்கு நல்லதல்ல. ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, நாப்தலீன் ஏறிய துணியோடு ஏற்படும் தொடர்பே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடும் மஞ்சள்காமாலையை உண்டாக்கியது மருத்துவ உலகில் பதிவாகியிருக்கிறது. ஆகவே அந்த நாற்றம் முற்றிலும் நீங்கும் வரை காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். அதற்குள் குழந்தையைத் தூக்க அந்தக் கோட்டோடு போக வேண்டாம். சொறியைப் பற்றியும் கேட்கிறார்கள். சொறிப் பூச்சி மனிதத் தோலை விட்டு இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் பொதுவாகப் பிழைப்பதில்லை என்பதால், ஒரு வாரம் கட்டிவைத்தாலே அந்த அச்சம் தீரும். மூட்டைப்பூச்சியோ மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அதற்குக் குளிரூட்டலோ நீராவி இஸ்திரியோதான் வழி, அதிலும் தையல் ஓரங்களில் நின்று நிதானமாக.

வாங்கும் பருவமும் முக்கியம். தென்மேற்குப் பருவமழை உதகையையும் கூடலூரையும் நனைக்கிறது. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. இரண்டும் ஓய்ந்த தை முதல் பங்குனி வரையிலான வறண்ட மாதங்களில், துணியின் உண்மையான வாசனை மூக்குக்குத் தெரியும். மழைக்காலத்தில் எல்லாத் துணியும் ஒன்றுபோலவே பூசண வாசம் அடிக்கும். மேலோட்டமான வெண்பூசணத்தை, முகக்கவசம் அணிந்து வெளியில் வைத்துத் துலக்கி, வெயிலில் காயவைத்தால் போய்விடும். கறுப்புப் புள்ளிகளாக லைனிங்கில் ஊறியது போகாது.

அளவைப் பொறுத்தவரை லேபிளில் அச்சிட்ட எண்ணை நம்பவே கூடாது. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் கோட்டு ஒன்றைத் தரையில் விரித்து, தோளுக்குத் தோள், அக்குளுக்கு அக்குள், காலரின் அடியிலிருந்து கீழ் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொண்டு, அளவு நாடாவோடு கடைக்குப் போங்கள். இடுப்பைப் பிடிக்கலாம், கையின் நீளத்தைக் குறைக்கலாம், உள்ளே துணி விட்டிருந்தால் ஓரிரு இன்ச் இறக்கவும் செய்யலாம். தோள் பொருந்தாத கோட்டைப் பொருந்தவைப்பது, கோட்டையே புதிதாகத் தைப்பதற்கு ஒப்பான வேலை. கோட்டின் மொத்த உயரம் குறைவாக இருந்தால் நீட்ட வழியே இல்லை. பழைய பேன்ட்டுகள் தொப்புளை ஒட்டி நிற்குமாறு வெட்டப்பட்டவை என்பதால், இன்று நீங்கள் இடுப்பில் அணியும் பேன்ட்டின் அளவோடு அவற்றை ஒப்பிட்டுப் பயனில்லை. பின்தையலுக்குள் அவற்றில் தாராளமாகத் துணி விட்டிருப்பார்கள்.

கம்பளிதானா என்ற ஐயத்துக்கு, உள்விளிம்பிலிருந்து ஓர் இழையை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் நாற்றத்தோடு தானாக அணைந்து, நசுக்கினால் பொடியாகும் கரியை விட்டால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியானால் பாலியஸ்டர். கம்பளியை வெந்நீரில் அலசினாலோ மெஷினில் போட்டாலோ சுருங்கிப் போகும். பிளீச்சிங் திரவம் அதைக் கரைத்தேவிடும். கறை நீக்க நொதி சேர்த்த சோப்புத்தூளும் ஆகாது. பெட்ரோல் வாஷுக்குக் கொடுத்தால், வாங்கிய கையோடு பிளாஸ்டிக் உறையைக் கழற்றி ஒரு நாளாவது காற்றாடவிட்ட பிறகே அணிய வேண்டும்.

ஷூக்களைப் பற்றிச் சுருக்கமாக: பாலியூரிதேன் அடிப்பாகம் கொண்டவை, அணியாமல் வைத்திருந்தாலும் ஈரக்காற்றால் உள்ளுக்குள் சிதைந்து, ஒரு நாள் நடையில் உதிர்ந்துவிடும். தோல் அடிப்பாகம் தைத்தவற்றை மட்டும் பாருங்கள்.

வெலிங்டன் பக்கம் கிடைக்கும் ராணுவ மேலங்கிகள் தரமானவை. ஆனால் அவற்றின் ரெஜிமென்ட் பட்டன்களையும் தோள்பட்டைச் சின்னங்களையும் கழற்றிவிட்டு, சாதாரணக் கொம்புப் பட்டன் வைத்து அணியுங்கள். படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு படையினரின் உடையை அணிவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி குற்றம். உங்களிடம் அந்த நோக்கம் இல்லை என்றாலும், கன்டோன்மென்ட் வாயிலில் நின்று அதை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சீர்செய்து முடித்த கோட்டை வைக்கும் அலமாரி, மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. கோட்டின் தோள் அகலத்துக்கு ஏற்ற மர ஹேங்கரில், பக்கத்துத் துணியோடு உராயாத இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். இந்த மலையில் பல வீடுகளில் அலமாரிக்குள் சிறிய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, அதன் வெதுவெதுப்பால் ஈரத்தை விரட்டுவார்கள். அண்மையில் பலர் அந்த இடத்தில் எல்இடி பல்பை மாட்டிவிட்டு, விளக்கு எரிந்தும் பூசணம் பிடிக்கிறதே என்று கேட்கிறார்கள். எல்இடி அந்த அளவுக்குச் சூட்டைத் தராது; பழைய குண்டு பல்பு கிடைக்கவில்லை என்றால், மழை இல்லாத பகலில் கதவைத் திறந்துவைத்து, மாதம் ஒரு முறையாவது கோட்டை வெளியே எடுத்துக் காலரின் அடியைத் துலக்கிவிடுங்கள்.