அகல டயரும் அரை மட்கார்டும்: ஆர்.சி.க்கு உட்பட்டதா?

பழைய புல்லட் ஒன்றை வாங்கி, பின்னால் கார் சக்கரம் மாதிரி அகல டயரும் அதற்கேற்ற மட்கார்டும் போட வேண்டும் என்ற ஆசை கும்பகோணத்திலும் உண்டு, மன்னார்குடியிலும் உண்டு. பட்டறையில் கேட்டால் "செய்துவிடலாம் தம்பி" என்பார்கள். செய்துவிடலாம்தான். ஆனால், பட்டறையைவிட்டு வெளியே வரும் வண்டி ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள வண்டிதானா?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு இதைத்தான் கேட்கிறது. தயாரிப்பு நிறுவனம் முதலில் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கட்டமைப்பில் கை வைத்து, வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறிப்போவதைத்தான் சட்டம் 'மாற்றம்' என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது.

தேய்ந்த டயரை அதே அளவில் மாற்ற யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் 120/80-18 என்றிருந்தால் அகலம் 120 மி.மீ., டயரின் பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். அந்த இடத்தில் 180 மி.மீ. டயர் வர வேண்டுமானால் ரிம் மாற வேண்டும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை அறுத்து அகலப்படுத்த வேண்டும், செயினை வெளியே தள்ள வேண்டும். வெல்டிங் கம்பி ஸ்விங் ஆர்மைத் தொட்டதுமே அது அலங்கார வேலை இல்லை. 2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மட்கார்டு விஷயத்தை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்கிறது. நம் ஊரில் சாரி கார்டு என்கிறோமே, அதுதான். அழகுக்காக முதலில் கழற்றப்படுவதும் அதுதான். பட்டுச்சேலையில் ஒருக்களித்து உட்கார்ந்து கல்யாணத்துக்கு வரும் அம்மாவின் முந்தானை எங்கே தொங்கும் என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். இன்னொன்று, ஐப்பசி மழையில் வாய்க்கால் கரையில் ஓட்டினால் டெல்டா களிமண் டயரோடு அப்பிக்கொண்டு வரும். ஒட்டி அமைத்த மட்கார்டில் அது அடைத்துக்கொண்டால் சக்கரம் சுற்றாது.

அப்படியும் செய்தே தீருவதென்றால், வேலை தொடங்கும் முன்பே நீங்கள் வசிக்கும் பகுதியின் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். தஞ்சாவூர் வண்டிகளுக்கு டி.என். 49, கும்பகோணத்துக்கு டி.என். 68. அனுமதி கிடைத்து வேலை முடிந்தால், 14 நாட்களுக்குள் ஆர்.சி.யையும் கட்டணத்தையும் கொடுத்துப் பதிவில் ஏற்ற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால் விபத்துக் கோரிக்கையை மறுக்க அதுவே அவர்களுக்குக் காரணமாகிவிடும்.

கழற்றிய பழைய ரிம்மையும் மட்கார்டையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். 15 ஆண்டு முடிந்த பைக்கின் பதிவைப் புதுப்பிக்க, மோட்டார் வாகன ஆய்வாளர் முன் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். ஆர்.சி.யில் உள்ளபடி வண்டி இல்லையென்றால், அந்தப் பழைய பாகங்களைத்தான் தேட வேண்டியிருக்கும்.