காது அரிக்கிறதா? கம்மலின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கம்மல் மாற்றிய ஒன்றிரண்டு நாளில் காது சிவக்கிறது, அரிக்கிறது, பிறகு நீர் கசிந்து பொருக்குத் தட்டுகிறது. கழற்றி வைத்தால் ஆறிவிடுகிறது. மறுபடி போட்டால் மறுபடி வருகிறது. தோல் மருத்துவராக நான் அடிக்கடி பார்க்கும் தொல்லை இது. வருபவர்களில் பலர், "என் காதுக்கு எதுவுமே ஒத்துக்கொள்ளாது டாக்டர், ஆசையையே விட்டுவிட்டேன்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் ஒரே ஓர் உலோகம், நிக்கல். அதை ஒதுக்கத் தெரிந்துகொண்டால் அவர்களில் பெரும்பாலானோர் தயக்கமில்லாமல் கம்மல் அணியலாம்.

நிக்கல் மலிவானது. கலப்பு உலோகத்துக்குக் கெட்டித்தன்மையும் வெண்ணிறப் பளபளப்பும் தருவது. தங்க முலாம் பூசும் முன் அடிப்பூச்சாகவும் அதைப் பயன்படுத்துவதுண்டு. வியர்வையில் இருக்கும் உப்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த நிக்கல் தோலுக்குள் புகுந்து அங்குள்ள புரதங்களோடு சேர்ந்துகொள்ள, நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையாகக் குறித்து வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை அதே உலோகம் பட்டதும் சண்டை தொடங்குகிறது.

அந்தச் சண்டை உடனே தெரிவதில்லை. உலோகம் பட்டு ஒரு நாள், சில சமயம் மூன்று நாள்கூடக் கழித்துத்தான் அரிப்பு வரும். ஆகவே கம்மலின் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அன்றைக்குத் தேய்த்த ஷாம்பூவுக்குக் கெட்ட பெயர். "பல வருடம் போட்ட கம்மல்தானே, இப்போது மட்டும் ஏன்?" என்று கேட்பவர்களும் உண்டு. வருடக்கணக்காகத் தாங்கிய தோல் எந்த வயதிலும் ஒவ்வாமைக்கு மாறலாம். அப்படி மாறிவிட்டால் பொதுவாக அது ஆயுள் முழுக்கத் தொடரும். பிறகு ஜீன்ஸ் பொத்தான், இடுப்பு வாரின் கொக்கி, கைக்கடிகாரத்தின் பின்மூடி என்று நிக்கல் படுகிற இடமெல்லாம் அரிக்கும். தொப்புளுக்குக் கீழே ஒரு வட்டமாக அரிப்பு இருக்கிறதா என்று கம்மல் புண்ணோடு வருபவர்களிடம் நான் கேட்பது அதனால்தான்.

ஒரு பெண்மணியின் காது நினைவில் நிற்கிறது. முன்பக்கம் தோல் மிகச் சுத்தம். பின்பக்கத்தில் மட்டும், திருகாணி உட்காரும் இடத்தில், அதே அளவில் சிவந்த ஒரு வட்டம். "இது 22 காரட் தங்கம், இதில் என்ன வரப்போகிறது?" என்றார். தோடு தங்கம்தான். ஆனால் பழைய திருகாணி தொலைந்துபோய், வேறொன்றைத் தனியாக வாங்கி மாட்டியிருந்தார். உருப்பெருக்கியில் பார்த்தபோது மரைகளின் விளிம்பில் மஞ்சள் முலாம் தேய்ந்து உள்ளிருந்த சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. டைமெத்தில்கிளையாக்சைம் என்ற சோதனைத் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தோட்டின் தண்டில் தேய்த்தேன். பஞ்சின் நிறம் மாறவில்லை. திருகாணியில் தேய்த்ததும் இளஞ்சிவப்பானது. நிக்கல் வெளியேறுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். தங்கத்திலேயே திருகாணி மாற்றிய பிறகு காது ஆறிவிட்டது. தோட்டை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கம்மல் வாங்கும்போது எல்லோரும் முகப்பைப் பார்க்கிறார்கள். கல், வேலைப்பாடு, நிறம். காதுக்குள் நாள் முழுக்க இருப்பது தண்டு; பின்னால் அழுத்திக்கொண்டிருப்பது திருகாணி. உங்கள் தோலுக்கு முகப்பைவிட இந்த இரண்டும் முக்கியம். "தண்டும் திருகாணியும் எதனால் ஆனவை?" என்று கேட்டு, தெளிவான பதில் வந்த பிறகு வாங்குங்கள்.

எளிதில் புண்ணாகும் காதுக்கு நான் முதலில் சொல்வது டைட்டானியம், அதிலும் உடலுக்குள் பொருத்தும் தரத்தில் செய்தது. நயோபியமும் அப்படியே நம்பகமானது. பிளாட்டினம் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். மஞ்சள் தங்கத்தில் 18 காரட்டும் அதற்கு மேலும் நல்லது. காரட் குறையக் குறைய மற்ற உலோகங்களின் பங்கு கூடும். வெள்ளைத் தங்கத்தில் கவனம் தேவை. அதை வெண்மையாக்க நிக்கல் சேர்ப்பதுண்டு. மேலே பூசும் ரோடியம் தேய்ந்த பிறகு தொல்லை தொடங்கலாம். நிக்கலுக்குப் பதில் பல்லேடியம் சேர்த்திருந்தாலும், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு அதுவும் ஆகாது. 92.5 சதவீத வெள்ளியில் மிச்சம் பெரும்பாலும் செம்பு என்பதால், ஆறிய காதில் பலருக்குப் பிரச்சினை இருக்காது. ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி துளியும் இல்லை. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. உங்களுக்கு ஒவ்வாமை இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அறுவைசிகிச்சைத் தர எஃகு என்று போட்டிருந்தால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். 316எல் எனப்படும் அந்த எஃகில் 10 முதல் 14 சதவீதம் வரை நிக்கல் உண்டு. அது உலோகத்துக்குள் கெட்டியாகப் பிடிபட்டிருப்பதால் வெளியேறுவது குறைவு, பலரும் தாங்கிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே கடுமையான ஒவ்வாமை இருப்பவருக்கோ, புதிதாகக் குத்திய காதுக்கோ நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் நிக்கல் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைத்தான் அளக்கிறது. துளைக்குள் செல்லும் தண்டுக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.2 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தோலின் மேல் நெடுநேரம் படும் மற்ற பொருட்களுக்கு வரம்பு 0.5. "ஒவ்வாமை தராதது" என்ற அட்டை வாசகத்தைவிட, இந்த விதிக்கு உட்பட்டது என்று எழுதியிருப்பதை நான் நம்புவேன்.

தண்டில் நிறமற்ற நகப்பூச்சைத் தடவிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சில நாளில் அது உரிந்துவிடும். நகப்பூச்சே சிலருக்கு ஒவ்வாமை தரும். ஒரு மாலை நிகழ்ச்சிக்கு வேண்டுமானால் உதவலாம், தினமும் அணியும் கம்மலுக்கு அது தீர்வில்லை.

எல்லாப் புண்ணும் ஒவ்வாமை என்று எண்ணிவிடவும் கூடாது. ஒவ்வாமையில் அரிப்பு முந்தும், பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும். கிருமித் தொற்றில் வலி முந்தும். காது சுடும், வீங்கும், சீழ் வரும், பல நேரம் ஒரு காதில் மட்டும். சொறிந்து சொறிந்து ஒவ்வாமைப் புண்ணில் தொற்று சேர்ந்துகொள்வதும் உண்டு. காதின் மேல்பகுதியில், குருத்தெலும்பில் குத்திய இடம் சிவந்து வலித்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். குருத்தெலும்புக்குச் சொந்தமாக இரத்தக் குழாய்கள் கிடையாது. தொற்று முற்றினால் காதின் வடிவமே குலைந்துபோகலாம். புதிய துளையில் சீழ் வைத்திருக்கும்போது நீங்களாகவே கம்மலைக் கழற்றிவிட வேண்டாம். துளை மூடி, சீழ் உள்ளேயே தங்கிவிடக்கூடும். களிம்பும் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். நியோமைசின் கலந்த களிம்பே சிலருக்குப் புதிய ஒவ்வாமையை உண்டாக்குகிறது.

காரணம் புரியாதபோது பேட்ச் டெஸ்ட் செய்கிறோம். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, பிறகு இன்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்போம். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது என்பதுதான் சிரமம்.

பராமரிப்பு எளிது. தலைச்சாயம், வாசனைத் திரவியம், ஸ்பிரே எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு கம்மலைப் போடுங்கள். தண்டையும் திருகாணியின் உட்குழியையும் வாரம் ஒருமுறை மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உட்குழியில்தான் அழுக்கும் சோப்பும் தங்கும். முழுக்கத் துடைத்து உலர்த்திய பிறகே மாட்டுங்கள். ஈரமும் காதை அரிக்க வைக்கும். முலாம் பூசியதை அழுத்தித் தேய்க்காதீர்கள். காது மடலின் கீழ்ப்பகுதியில் குத்திய துளை ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், குருத்தெலும்பில் பல மாதங்கள். அதுவரை தண்டைக் கழற்றாமல், உப்பு நீரால் மட்டும் சுத்தம் செய்தால் போதும். ஸ்பிரிட் வேண்டாம்.

திருகாணியைக் கடைசி வரை முறுக்குவது பலரின் பழக்கம். காதுக்கும் திருகாணிக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கட்டும். இறுக்கினால் இரத்த ஓட்டம் குறையும். குழந்தைகளின் காதில் திருகாணி சதைக்குள்ளேயே புதைந்துவிடுவதும் உண்டு. காது மடலின் கீழே குருத்தெலும்பு கிடையாது, வெறும் கொழுப்பும் நாரும்தான். கனமான ஜிமிக்கியைத் தினமும் மாட்டினால் துளை நீண்டு, ஒருநாள் மடல் பிளந்துவிடும். பிளந்ததை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து தைத்துவிடலாம். மறுபடி குத்தத் தையல் நன்றாக ஆறச் சில மாதங்கள் பொறுத்திருந்து, தழும்பின் மேல் படாமல் சற்றுத் தள்ளிக் குத்திக்கொள்ளுங்கள்.