68 மீட்டர் டேப்பில் ஒரு மணி நேரப் படம்: பழைய வீடியோ கேமரா வாங்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: பழைய சாமான் கடையில் டேப் கேமராக்கள் மலிவாகக் கிடக்கின்றன. தோட்டத்துக் கோயில் திருவிழாவை எடுக்கவும், வீட்டில் கிடக்கும் பழைய டேப்புகளைப் போட்டுப் பார்க்கவும் எதை வாங்கலாம்?

முதலில் வீட்டில் இருக்கும் கேசட்டைப் பாருங்கள். வீடியோ 8, ஹை 8 என்ற பழைய அனலாக் கேசட் என்றால் டிஜிட்டல் 8 கேமராவைத் தேடலாம்; அவற்றில் பல, எல்லாமும் அல்ல, பழைய அனலாக் டேப்பையும் ஓட்டும். புதிதாக எடுப்பதற்கு மட்டும் என்றால் 1995இல் வந்த மினிடிவி (DV எனும் டிஜிட்டல் முறையின் சிறிய கேசட்) போதும். நம் நாட்டில் அனலாக் டிவிக் காலத்து வீடியோ முறை பிஏஎல். ஜப்பானிலிருந்து வந்த, வேறு முறையான என்டிஎஸ்சி கேமரா எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அடுத்தது, டேப்பில் படத்தை எழுதிப் படிக்கும் ஹெட்டு. மினிடிவி கேமராவின் டேப் மூடியைத் திறந்தால் பளபளவென்று, சற்றே சாய்ந்து நிற்கும் உருளை தெரியும். விட்டம் 21.7 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 9000 சுற்று, எதிரெதிராக இரண்டு காந்த ஹெட்டுகள். டேப் நகர்வதோ வினாடிக்கு 18.8 மி.மீ. மட்டும்தான். ஆனால் ஹெட்டு அதன்மேல் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. டிஜிட்டல் படத்தின் தகவல் அவ்வளவையும் எழுத அந்த வேகம் வேண்டும். ஹெட்டை அசையாமல் நிறுத்திவிட்டு டேப்பையே அப்படி இழுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 36 கிலோமீட்டர் டேப் செலவாகும். சுங்கை சிப்புட்டில் பிரித்து விட்டால் ஈப்போவைத் தாண்டிப் போகும். உருளை சுழல்வதால் 68 மீட்டரில் காரியம் முடிகிறது.

உருளை சாய்ந்திருப்பதால் ஹெட்டு ஒவ்வொரு முறையும் டேப்பின் குறுக்கே சரிவாக ஒரு கோடு எழுதும். வினாடிக்கு 150 சுற்று, இரண்டு ஹெட்டு, ஆக 300 கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே டேப் 0.063 மி.மீ. நகர்கிறது, 9 பாகைச் சரிவில் கணக்குப் போட்டால் கோட்டின் அகலம் 10 மைக்ரான், அதாவது 0.01 மி.மீ. கோடுகளுக்கிடையே காலி இடமே கிடையாது. அப்படியானால் பக்கத்துக் கோடு ஏன் கலப்பதில்லை? ஒரு ஹெட்டின் பிளவு (டேப்பில் எழுதும் மெல்லிய இடைவெளி) ஒரு பக்கம் 20 பாகை சாய்ந்திருக்கும், மற்றதன் பிளவு எதிர்ப்பக்கம் 20 பாகை. ஒன்று எழுதியது மற்றதன் காதில் ஏறவே ஏறாது! காலி இடம் விடாமலே வேலி போட்ட இந்த யோசனைக்கு எத்தனை பாராட்டினாலும் தகும்.

கடையில் சோதிப்பதற்கும் இதே கணக்குதான் உதவும். பிஏஎல் முறையில் ஒரு படத்துக்கு 12 கோடுகள். ஒவ்வொன்றிலும் படத்தின் ஒரு கிடைமட்டப் பட்டை. ஒரு ஹெட்டு அடைத்துக்கொண்டால் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆறு பட்டைகள் உறைந்து நிற்கும். உங்கள் சொந்தப் புது டேப்பைக் கொண்டுபோங்கள்; சாதாரண வேகமான எஸ்பியில் 2 நிமிடம் பதிந்து, பின்னோட்டி, போட்டுப் பாருங்கள். பட்டை தெரிந்தால் உலர் கிளீனிங் கேசட்டை 10 வினாடி மட்டும் ஓட்டுங்கள்; அது ஹெட்டைத் தேய்ப்பதால் அதிகம் கூடாது. அப்போதும் போகாவிட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு வேறு கேமராவில் எடுத்த டேப் ஒன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்: தான் எழுதியதைத் தானே படிக்கும் கேமரா, அடுத்ததன் டேப்பில் தடுமாறினால் டேப் பாதை விலகியிருக்கிறது. டேப்பை மெதுவாக ஓட்டும் எல்பி வேகத்தில் கோடு 6.7 மைக்ரான்தான், தடுமாற்றம் இன்னும் கூடும். எல்பியை மறந்துவிடுங்கள்.

டேப் நன்றாக ஓடி, லென்ஸ் வழியே மட்டும் கறுப்பாகவோ ஊதாவாகவோ தெரிந்தால், ஒளியைப் படமாக்கும் சென்சார் போய்விட்டது. 2002 முதல் 2004 வரை தயாரான சிசிடி வகைச் சென்சார்கள் சில வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் இப்படிச் செத்தன. நம் ஊருக்கு வேறு விளக்கம் தேவையா? இரவு ஊர்வலம் எடுக்க வேண்டுமென்றால் சிசிடி அளவைக் கேளுங்கள். 1/4 அங்குல சென்சார் உள்ள பழைய மாடல், 1/6 அங்குலம் உள்ள புதிய மாடலைவிட இருட்டில் நன்றாகப் பார்க்கும். கேசட் கீழ்ப்பக்கம் ஏறும் கேமரா என்றால் ஒவ்வொரு டேப்புக்கும் முக்காலியிலிருந்து கழற்ற வேண்டியிருக்கும்.

ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் உருளையில் ஈரம் படிந்து டேப் ஒட்டிக்கொள்ளும். சோனி கேமராவில் அப்போது சி:21 என்று எச்சரிக்கை வரும். கேசட்டை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். சிலர் கண் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் சுற்றுகிறார்கள். சுற்றட்டும், கூடவே மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் போடட்டும்.

பழைய லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிந்து செம்பனையும் வீடமைப்பும் வந்த பல தோட்டங்களுக்கு இந்த டேப்புகள்தான் மிச்சம். மேடை அலங்காரத்துக்குத் தாராளமாகச் செலவழிக்கும் சங்கங்கள், ஊருக்கு ஒரு நல்ல கேமராவைப் பொதுவில் வாங்கி வைத்தால் என்ன? டேப்பைக் கணினிக்கு மாற்ற, வீடியோவை அனுப்பும் ஃபயர்வயர் கம்பிக்கான துளை கேமராவில் வேண்டும். பல மாடல்களில் யூஎஸ்பி, நிழற்படத்துக்கு மட்டும்தான். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரமே ஆகும், 13 ஜிபி இடம் பிடிக்கும். தவறி மேலே பதிந்துவிடாமல் இருக்க, ஓட்டும் முன் கேசட்டின் முதுகிலுள்ள சிறு பொத்தானை ‘சேவ்’ பக்கம் தள்ளிவிடுங்கள்.